கொம்பியூட்டர் எனக்கு, திறப்பு உனக்கு

அச்சுவேலி
03.06.2024

யசிந்தா அவர்களுக்கு,

சுகம் விசாரிப்பதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் சுகமாக இருப்பதாக மீன் கொண்டுவருகிற ஜெரோசன் சொன்னார். அவரிடமே இந்தக் கடிதத்தைக் கொடுத்து விடுகிறேன். போனில் எடுத்திருப்பேன், ஆனால் என்னுடைய இலக்கத்தை நீங்கள் தடுத்து வைத்திருக்கிறீர்கள்.

விசயத்துக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் அச்சகத்தைப் பிரித்தபோது பழைய கொம்பியூட்டரை நான் வைத்துக்கொண்டேன். அதன் பின்பக்கத்தில் செருகியிருந்த திறப்பை, அந்தத் தீப்பெட்டியளவு கறுப்புச் சாமானை, நீங்கள் கழற்றிக்கொண்டு குருநகருக்குப் போனீர்கள். அது இருந்தால்தான் பக்கம் அமைக்கிற புரோகிராம் திறக்கும். ஆகவே இவ்வளவு காலமும் கொம்பியூட்டர் இங்கே சும்மா கிடந்தது, திறப்பு அங்கே சும்மா கிடந்தது.

இப்போது நடராசா மாமாவுக்கு ஆவணி பிறக்க எண்பது வயது. ஓகஸ்ட் பதினெட்டாம் திகதி விழா. அதற்கு ஒரு மலர் அடிக்க வேண்டும் என்கிறார். அவருடைய தம்பி நல்லைநாதன் மாமா தன் கடைசி வருடத்தில் வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதிய வம்ச வழி, ஒன்பது தலைமுறை, நானூற்றுப் பன்னிரண்டு பெயர், அதில் முழுதாக வர வேண்டுமாம். அவர் செத்த நேரம் பேப்பர் தட்டுப்பாடு என்று அவருடைய நினைவாக அடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கம் மட்டும் போட்டோம். மிச்சம் எல்லாம் அந்தப் புரோகிராமில்தான் இருக்கிறது. அவருடைய கையெழுத்துக் கொப்பியை முப்பத்தோராம் நாளன்று யாரோ பழைய பேப்பரோடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பெயர் சொன்ன கிழவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை.

கொம்பியூட்டரோ போகிற வழியில் நிற்கிறது. அதனால் அதன் உள்ளே இருப்பதை ஒன்றும் விடாமல் பிரதி எடுத்துப் புதுக் கொம்பியூட்டருக்குள் ஒரு பெரிய கோப்பாக வைக்கப் போகிறேன். அப்படிச் செய்தால் புதியதன் திரையில் ஒரு சன்னல் திறந்து, அதற்குள் பழையது அப்படியே எழும்புமாம். தான் இன்னும் பழைய பெட்டிக்குள்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டு வேலை செய்யுமாம். மெய்நிகர்க் கணினி, சுருக்கமாக வி.எம். என்று அதற்குப் பெயர். ஆனால் எங்கே எழும்பினாலும் அந்தப் புரோகிராம் திறப்பைக் கேட்கும்.

தயவுசெய்து திறப்பை ஜெரோசனிடம் கொடுத்து விடவும்.

இப்படிக்கு,
ந. ஆரணி


குருநகர்
05.06.2024

ஆரணி,

நீங்கள், அவர்கள், தயவுசெய்து. யாரோ அரசாங்கக் கச்சேரியிலிருந்து எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கடிதம் முழுக்கச் சூடை மீன் மணம். அடுத்த முறை பொலித்தீன் பையில் போட்டுக் கொடு.

முதலில் என் இலக்கத்தைத் தடுத்தது நீ. நான் பிறகுதான் தடுத்தேன். உன்னைப் போலப் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்து வைக்கவில்லை, ஆனாலும் நினைவிருக்கிறது.

திறப்பு பத்திரமாக இருக்கிறது. கண்ணாடி அலுமாரியில் மாதா சுருவத்துக்குப் பக்கத்தில். தர மாட்டேன்.

ஏன் என்று உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி ‘பிரித்தபோது’ என்று எழுதியிருக்கிறாய். நாங்கள் சும்மா பிரியவில்லை. நல்லைநாதன் மாமாவின் கல்வெட்டில் அவருடைய படத்துக்குப் பதிலாக உயிரோடு இருக்கிற தமையன் நடராசா மாமாவின் படம் முன்னட்டையில் வந்தது. முந்நூறு பிரதி. கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடித்து வந்து பந்தியில் இருந்த மனுசன், தன்னுடைய கல்வெட்டைத் தானே கையில் வாங்கிப் பார்த்தார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே மூக்கு, ஒரே கண்ணாடி, ஒரே வழுக்கை. யாருக்கும் பிழைக்கும். அதற்கு நீ என்னைப் பேசியிருந்தால் நானும் திருப்பிப் பேசிவிட்டு அடுத்த நாள் வேலைக்கு வந்திருப்பேன்.

நீ அவ்வளவு சனத்துக்கு முன்னால் சொன்னது வேறு. “கரையிலை இருந்து வந்தவளுக்கு எங்கடை ஊர் முகங்கள் எப்பிடித் தெரியும்?”

ஒன்பது வருடம் உங்கள் ஊரில் சோறு தின்றிருக்கிறேன். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் குரைத்துவிட்டுப் போகும் என்பதுகூட எனக்குத் தெரியும்.

வைக்கோற்போர் நாய் என்று நீ என்னை நினைத்தால் நினை.

யசிந்தா

பிரதி எடுப்பது எத்தனை வீதத்தில் நிற்கிறது? நிற்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெட்டியை நான் அறிவேன்.


அச்சுவேலி
06.06.2024

யசிந்தாவுக்கு,

அறுபத்தொரு வீதத்தில்.

மூன்று தரம் முயன்றேன். மூன்று தரமும் அறுபதைத் தாண்டியவுடன் பெட்டி சூடேறித் தானாக நின்றுவிட்டது. மூடியைக் கழற்றி மேசைக் காற்றாடியை முகத்துக்கு நேரே வைத்தேன். இரண்டாம் தரம் நீர் செய்வது போல இடப்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினேன். அது இன்னும் கெதியாக நின்றது. எந்த இடத்தில் தட்டுவீர் என்று ஒருநாளும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மற்ற விசயத்தைப் பற்றி இப்போது எழுத நேரமில்லை. விழாவுக்குப் பத்துக் கிழமைதான் இருக்கிறது. நடராசா மாமா நேற்றும் வந்து வாசலில் நின்றபடி கேட்டார். அந்தக் கல்வெட்டுக்குப் பிறகு ஊரில் அவரைக் கல்வெட்டு நடராசா என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கலியாண அட்டை அடிக்கக்கூட ஆட்கள் என்னைத் தாண்டிக் கொடிகாமம் வரை போகிறார்கள். இந்த மலரைச் சரியாக அடித்தால்தான் அச்சகத்தின் மூஞ்சி நிமிரும். இல்லாவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

இது உமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. கேட்டதற்குப் பதில்.

ஆரணி


குருநகர்
08.06.2024

ஆரணி,

பெட்டியை ஓட விட்டுக்கொண்டு பிரதி எடுக்காதே. காய்ச்சல்காரனை எழுப்பி நிறுத்திச் சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரி இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் வெளியே கழற்று. இத்துடன் அனுப்புகிற வயரின் அகலமான முனையை அதில் கொழுவி, மற்ற முனையைப் புதுக் கொம்பியூட்டரில் செருகு. டிஸ்க்குக்குத் தனியாகக் கரண்ட் கொடுக்கிற சின்னப் பெட்டியும் வைத்திருக்கிறேன். சூடாக வேறு ஒன்றும் இராது. நூறு வீதமும் வரும்.

நான் வேலை செய்கிற கடையின் வயர் இது. மூன்று பொலித்தீன் பையில் சுற்றி ஐஸுக்கு மேலேதான் வைக்கச் சொன்னேன். ஜெரோசன் விளைமீனுக்குக் கீழே வைத்திருந்தால் என்னோடு கோபிக்காதே. முடிந்தவுடன் திருப்பி அனுப்பு.

திறப்பு இல்லை. வயர் மட்டும்தான்.

யசிந்தா

தட்டுகிற இடம்: இடப்பக்கம், கீழே, கரண்ட் வயருக்கு நான்கு விரல் மேலே. தட்டக் கூடாது, குட்ட வேண்டும்.


அச்சுவேலி
13.06.2024

யசிந்தா,

எழும்பிவிட்டது!

நூறு வீதமும் வந்தது. முதல் நாள் நீலத் திரையைக் காட்டிவிட்டு விழுந்தது. இரண்டாம் நாளும் அதே. புது இடத்தில் தன் பழைய டிஸ்க்கைக் காணாமல் தேடுகிறது என்று பிறகுதான் விளங்கியது. அமைப்புக்குள் போய் டிஸ்க்கின் வகையைப் பழைய காலத்து வகைக்கு மாற்றினேன். நேற்று மத்தியானம், சோறு அடுப்பில், அந்தப் பழைய சத்தம் கேட்டது. கொம்பியூட்டர் தொடங்கும்போது வருமே, அதே சத்தம். கையில் அகப்பையோடு ஓடி வந்தேன்.

எல்லாம் இருக்கிறது. நீர் கோப்புகளை வைத்த குப்பை மேடு, நான் அடுக்கி வைத்த கோப்புறைகள், குப்பைத் தொட்டிக்குள் இரண்டு வருடமாகக் கொட்டாத குப்பை. திரையின் பின்னணியில் அச்சகம் திறந்த நாள் படம். நான் தேங்காய் உடைக்கிறேன், உங்கள் சுவாமியார் ஆசீர்வதித்த தண்ணீர் தெளிக்கிறார், நீர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறீர். அதைப் பார்த்து நான் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை, எழுதியாகிவிட்டது.

வராதவை இரண்டு. பெட்டியின் நெற்றியில் நீர் ஒட்டிய மாதா படமும், வாணி விழாவுக்கு நான் வைத்த சந்தனப் பொட்டும். அவை இன்னும் பழைய பெட்டியில்தான் இருக்கின்றன.

இன்னொரு வசதியும் இருக்கிறது. பழையதில் பற்றரி செத்து, ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் திகதி 2002 தை முதலாம் திகதிக்கு, 01.01.2002 என்று, போய்விடுமே. நான் மினக்கெட்டுத் திகதியைச் சரியாகப் போடுவேன். நீர் ஒரு விசையை அழுத்திவிட்டு அப்படியே வேலையைத் தொடங்குவீர். இனி அந்தச் சண்டை இல்லை. புதியதிடம் கேட்டுத் தானாகவே சரியான திகதியைப் போட்டுக்கொள்கிறது.

அதோடு ஒன்று யோசித்தேன். பழைய கோப்புகளின் திகதிகள் மாறாமல் வந்திருக்கின்றன. அந்தக் கல்வெட்டின் படக் கோப்பு எந்தத் திகதியில் இருக்கிறது என்று பார்த்தால், அன்றைக்கு யார் கதிரையில் இருந்தது என்று தெரிந்துவிடும். 2002 என்றால் நீர். நாளைக்குப் பார்க்கப் போகிறேன். உண்மை வெளியே வரட்டும்.

வயரை அனுப்பியிருக்கிறேன். கூடவே ஆறு கறுத்தக்கொழும்பான் மாம்பழம். உம்முடைய அம்மாவுக்கு. உமக்கல்ல.

ஆரணி


குருநகர்
14.06.2024

ஆரணி,

பார். வடிவாகப் பார்.

மாம்பழம் ஆறும் முடிந்தது. அம்மா ஒன்று, நான் ஐந்து.

யசிந்தா


குருநகர்
25.06.2024

ஆரணி,

பதினொரு நாளாகக் கடிதம் இல்லை. ஜெரோசனைத் தினமும் கேட்கிறேன். நேற்று அவன் மீன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னான்: “அவ மீன் வாங்குறா அக்கா, காசு தாறா, என்ரை முகத்தைப் பாக்கிறாவே இல்லை. எனக்கும் அவவுக்கும் என்ன கோவம் எண்டு எனக்கே தெரியேல்லை.”

உன்னோடு எனக்குத்தான் கோபம். அவனை விட்டுவிடு.

கொம்பியூட்டர் திரும்ப விழுந்துவிட்டதா? விழுந்தால் சொல், யோசிக்கலாம். அல்லது உனக்குச் சுகமில்லையா? ஒரு வரி எழுது. ‘சுகம்’ என்று மட்டும் எழுதினாலும் போதும்.

யசிந்தா


அச்சுவேலி
26.06.2024

அன்புள்ள யசிந்தா,

சுகம். கொம்பியூட்டரும் சுகம்.

நான் பார்த்தேன். பதினான்காம் திகதியே பார்த்துவிட்டேன்.

அந்தக் கோப்புறையில் நீ செய்த பக்கங்கள் எல்லாம் 2002 தை முதலாம் திகதி. வம்ச வழியும் அப்படித்தான், நானூற்றுப் பன்னிரண்டு பெயரையும் நீயே அடித்தாய் என்பதை மறந்தே போனேன். ஆனால் அட்டைப் படம் அப்படியில்லை. 11.04.2022, பின்னேரம் நான்கு பத்து. சரியான வருடம், சரியான மாதம், சரியான நாள். திகதியைச் சரியாகப் போடுகிற ஆள் அந்த அறையில் ஒருத்திதான்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உட்கார்ந்து யோசித்தேன். நாளுக்குப் பத்து மணித்தியாலம் கரண்ட் இல்லாத காலம். இரண்டரைக்கு வந்தது, ஐந்துக்குப் போகும் என்றார்கள். மாமி கொடுத்து விட்ட உறைக்குள் இரண்டு படம் இருந்தது. அவசரத்தில் நான்தான் எடுத்திருக்க வேண்டும். சொந்த மாமாவின் முகம் எனக்கே தெரியவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் உனக்கு எங்கள் ஊர் முகம் தெரியாது என்று சொன்னேன்.

உன்னுடைய பிழை என்று காட்டத்தான் அந்தக் கோப்பைத் திறந்தேன். காலையில் எழும்பியதும் முகம் கழுவாமல் போய்த் திறந்தேன், அவ்வளவு ஆசை. பிறகு மூடிவிட்டு இரண்டாம் தரம் திறந்து பார்த்தேன், மூன்றாம் தரமும் பார்த்தேன். திகதி மாறவில்லை. இந்த விசயத்தை உனக்குச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். திறப்பு கைக்கு வந்த பிறகு சொல்லலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

படம் பிழைத்தது பரவாயில்லை. நீ சொன்னதுதான் சரி, அது யாருக்கும் பிழைக்கும். அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். வாய் தவறி வந்தது என்று சொல்ல மாட்டேன். அவ்வளவு சனம் என்னைப் பார்த்தபோது, எனக்கும் உனக்கும் நடுவில் ஒரு கோடு கீறினால் நான் தப்பிவிடலாம் என்று பட்டது. கீறினேன். தப்பினேன். நீ பஸ் ஏறிப் போய்விட்டாய். உன்னைப் போல ஒருத்தி எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

இன்னொன்றையும் முதல் கடிதத்தில் மறைத்துவிட்டேன். நடராசா மாமா மலரை என்னிடம் தந்தது ஒரு கட்டுப்பாட்டோடு. “என்னைச் சாக்காட்டின ரெண்டு பேரும் சேர்ந்து செய்யிறதெண்டால் செய்யுங்கோ. ஒருத்தி மட்டும் செய்யிறதெண்டால் எனக்கு வேண்டாம்.” திறப்பு இருந்தால் அவரை ஏமாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

திறப்பைத் தந்தாலும் சரி, தராவிட்டாலும் சரி. மாமாவிடம் போய்ப் பிழை என்னுடையது என்று சொல்லப் போகிறேன்.

ஆரணி


குருநகர்
28.06.2024

எடி ஆரணி,

மாமாவிடம் போகாதே. போய்விட்டாய் என்றால் திரும்பிப் போய், சொன்னதை வாபஸ் வாங்கு.

உன்னுடைய சாட்சி செல்லாது. அதற்கு முதல் நாள், 2022 சித்திரை பத்தாம் திகதி, நீ என்னைத் திகதி போடாததற்காகக் காலையிலிருந்து பின்னேரம் வரை பேசினாய். பேசியது போதாது என்று, ‘திகதி!’ என்று சிவப்பு மையால் எழுதித் திரையின் விளிம்பில் ஒட்டினாய். பதினோராம் திகதி கரண்ட் வந்தபோது அந்தத் துண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது. ஒன்பது வருடத்தில் முதல் தரமாக நான் திகதியைச் சரியாகப் போட்டேன். உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் வென்றுவிட்டதாக நினைப்பாய்.

ஆக அந்தக் கதிரையில் நானும் இருந்திருக்கலாம். உறையைப் பிரித்தது நினைவிருக்கிறது. படத்தைப் பார்த்து ‘என்ன வடிவான மனுசன்’ என்று நினைத்ததும் நினைவிருக்கிறது. இரண்டு பேரில் நடராசா மாமாதான் வடிவு, நீயும் ஒத்துக்கொள்வாய். அதனால் அது நான்தான் என்று இப்போது எனக்குப் படுகிறது. முழுப் பிழையையும் நீயே அள்ளிக்கொண்டு போகப் பார்க்காதே. எனக்கும் ஒரு பங்கு வை.

நீ நம்பாவிட்டால் போ. நான் பொய் சொல்கிறேன் என்று காட்ட உன் வி.எம்முக்குள் ஒரு கோப்பும் இல்லை.

அந்தச் சொல்லைப் பற்றி நீ எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவ எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து திறப்பை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தா. எனக்கு அந்தச் சொல் இரண்டு வருடம் நொந்தது, ஆரணி. உண்மையாகவே நொந்தது. உன் கடிதத்தை வாசித்து முடித்தபோது நோவு இருந்த இடம் தெரிந்தது, நோகவில்லை. அதனால் இத்தோடு விடு. இனி அதைப் பற்றி ஒரு வரியும் எழுதாதே.

இனித் தொழில். திறப்பை ஜெரோசனிடம் கொடுத்துப் பிரயோசனம் இல்லை. அதை உன் புதுக் கொம்பியூட்டரில் எங்கே செருகுவாய்? பின்பக்கத்தைத் திருப்பிப் பார். இருபத்தைந்து ஓட்டை உள்ள அகல வாய் இந்தக் காலத்துப் பெட்டி ஒன்றிலும் இல்லை. இதை நீ ஒரு மாதமாக யோசிக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும், நீ திகதியோடு மினக்கெட்டுக்கொண்டு இருந்திருப்பாய். வயர் போட்டு மாற்றுகிற சாமான்கள் விற்கிறார்கள், பிரின்டருக்குச் சரி, இந்தத் திறப்புக்குச் சரிவராது. பெட்டிக்குள்ளேயே ஒரு கார்ட் பூட்டி, அந்த வாயை வி.எம்முக்குக் காட்டிவிட வேண்டும். எங்கள் கடையின் கழிவுச் சாமான் பெட்டியைக் கிண்டி ஒரு கார்ட் எடுத்தேன். வேலை செய்கிறது, பார்த்துவிட்டேன்.

கார்ட்டும் திறப்பும் தனியாக வராது. நான்தான் கொண்டு வருவேன். வெள்ளிக்கிழமை வர மாட்டேன், உங்கள் வீட்டில் மரக்கறி. ஞாயிறு பூசைக்குப் போக வேண்டும். அடுத்த சனி, ஆறாம் திகதி.

யசிந்தா


அச்சுவேலி
29.06.2024

யசிந்தா,

வா.

காலை ஏழு பத்துக்கு வருகிற பஸ்ஸில் வா, அடுத்தது சனம் கூட. நண்டு நீ கொண்டு வா, மிச்சம் நான் சமைக்கிறேன். வாசலில் இருக்கிற பக்கத்து வீட்டு நாய் இப்போது கடிக்கிற நாய். உனக்குத் தெரிந்தது செத்துவிட்டது.

மாமாவிடம் போய்விட்டேன். வாபஸ் வாங்கவும் போனேன். அவர் இரண்டு முறையும் கதையை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஒருத்தி நான்தான் செய்தனான் எண்டுறாள், மற்றவள் இல்லை நான்தான் எண்டுறாளாம். போன முறை நீங்கள் ரெண்டு பேரும் சொன்னது இதுக்கு நேர்மாறு. எப்ப சொன்னது பொய்?” சனிக்கிழமை அவரும் வருகிறாராம். அட்டைக்குப் போடுகிற படத்தைத் தானே கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கப் போகிறாராம்.

புதுக் கொம்பியூட்டரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். வாய் இல்லை. நீ சிரிக்கலாம்.

ஆரணி


01.01.2002

அன்புள்ள ஆரணி,

நீ அடுப்படியில் நிற்கிறாய். விழாவில் மிஞ்சிய வடையைச் சூடாக்குகிற மணம் வருகிறது. உன் வி.எம்முக்குள் இருந்து இதை அடிக்கிறேன். மலரின் கோப்புறைக்குள் போட்டுவிட்டுப் போகிறேன், என்றைக்காவது நீ கண்டெடுப்பாய்.

நேற்று நடந்ததை உன்னால் சரியாகப் பார்த்திருக்க முடியாது, நீ பந்திக்கும் வாசலுக்கும் நடுவில் ஓடிக்கொண்டு இருந்தாய். அதனால் எழுதி வைக்கிறேன். மாமாவுக்கு முன்னால் மலரை விரித்தபோது வம்ச வழி மேசையைத் தாண்டித் தரைக்கு இறங்கியது. சனம் குந்தியிருந்து தங்கள் பெயரைத் தேடியது. கனடாவிலிருந்து வந்த ஒருவர் தன் பூட்டனின் பெயரில் விரலை வைத்தபடி எழும்பவே இல்லை. ஒரு பிழையும் இல்லை. ஒரு பெயரும் விடுபடவில்லை. மூன்று பேர் வந்து உன்னிடம் கலியாண அட்டைக்கு விலை கேட்டார்கள், நான் எண்ணினேன்.

பிறகு மாமா எழும்பிப் பழைய கல்வெட்டை மடியிலிருந்து எடுத்தார். இரண்டு வருடமாக அதைத் தலைமாட்டில் வைத்திருந்தாராம். நீ அப்போதுதான் பாயாச வாளியோடு வாசலில் நின்றாய். ஆனாலும் அவர் சொன்னதைக் கேட்டிருப்பாய், வாளியைக் கீழே வைத்துவிட்டுத் துவாயால் கண்ணைத் துடைத்தாய்.

“தம்பியின்ரை சாவுக்கு என்ரை படத்தைப் போட்டினம். நான் செத்தால் தம்பியின்ரை படத்தைப் போடட்டும். நாங்கள் ரெண்டு பேரும் ஒருநாளும் எங்களுக்குள்ளை வித்தியாசம் பாத்ததில்லை.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அழுதேன், அதை உனக்கு நேரில் சொல்ல மாட்டேன்.

இனி நான் கிழமைக்கு மூன்று நாள் வருகிறேன் என்று பேசினோம். கடையில் சொல்லிவிட்டேன். அடுத்த வருடம் எங்கள் கோயிலின் யாகப்பர் திருநாளுக்கு நீ குருநகருக்கு வந்து மூன்று நாள் நிற்கிறாய், அதுவும் பேசியது. போனில் உன்னை விடுவித்துவிட்டேன். ஆனாலும் ஜெரோசனிடம் இடைக்கிடை ஏதாவது கொடுத்து விடு. கடிதம் இல்லாவிட்டால் அவனுக்கு முகம் வாடிப் போகிறது.

ஒரு விசயம் உன்னைக் கேட்காமல் செய்கிறேன். பழைய பெட்டியை நான் எடுத்துக்கொண்டு போகிறேன். மாதா படமும் சந்தனப் பொட்டும் இருக்கிறபடியே, கண்ணாடி அலுமாரியில் திறப்பு இருந்த இடத்துக்குக் கீழ்த் தட்டில் வைக்கப் போகிறேன். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரியும், இருந்தாலும் ஒன்பது வருடம் என்னிடம் குட்டு வாங்கியது. திறப்பு உன் கொம்பியூட்டரின் பின்னால் செருகியபடி இருக்கிறது. அதைக் கழற்ற மாட்டேன். இந்த முறை பெட்டி எனக்கு, திறப்பு உனக்கு.

மேலே இருக்கிற திகதியைப் பார்த்துப் புதியதற்கும் பற்றரி செத்துவிட்டது என்று பயப்படாதே. அது ஓகஸ்ட் பத்தொன்பது என்று சரியாகத்தான் காட்டியது. நான்தான் உள்ளே போய் மாற்றினேன். கதிரையில் யார் இருந்தது என்று பிறகு நாங்கள் சண்டை பிடிக்கக் கூடாது பார்.

யசிந்தா